பலகையைத் தண்ணீர் இழுத்துப் போகவில்லை

தம்பி,

போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். போனில் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நீ ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் இதைப் படித்தாக வேண்டும். என் படிப்பு பத்தாவதோடு நின்றது உனக்குத் தெரியும். உப்பளத்துக் கொட்டகையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டிக் காட்டித்தான் எழுத்து என் கையை விட்டுப் போகாமல் இருக்கிறது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். நான்கு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். உன் வேலைக்காக விசாரிக்க வருவார்கள் என்று நீ சொல்லியிருந்தாய், இருந்தாலும் காக்கிச் சட்டையை வாசலில் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்திருந்தேன். காலில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது, கழுவக்கூட இல்லை. சின்ன வயசுப் பிள்ளைதான், மரியாதையாகத்தான் பேசினார். உன்னைப் பற்றிக் கேட்டார், பக்கத்து வீட்டில் கேட்டார், எல்லாரும் நல்லபடியாகச் சொன்னார்கள். கடைசியில், "வீட்ல யார் மேலயாச்சும் கேஸ் கீஸ் இருக்குதாம்மா?" என்றார். "இல்லீங்க சார்" என்றேன். எழுதிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னது பொய் இல்லை, கேஸ் ஏதும் இல்லைதான். ஆனால் அவர் போன பிறகு அந்த டம்ளரைக் கழுவ எடுத்தேன், கை நழுவிக் கீழே போட்டுவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நீ வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தேன். கோட்டக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் உன் பெரியப்பாவும் வந்திருந்தார். அவருக்குச் சும்மா சாப்பிடத் தெரியாது, யாரையாவது வம்புக்கு இழுத்தால்தான் சோறு இறங்கும். "ஏம்பா, நீ செய்யப்போற ராக்கெட்டு தலையில அணுகுண்டு வைப்பாங்களா?" என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் கேக்கக் கூடாது பெரியப்பா, சொல்லவும் கூடாது" என்று நீ சிரித்தாய். அவர் விடவில்லை. "வச்சா போடுவீங்களா?"

"போடாம இருக்கறதுக்குத்தான் பெரியப்பா செய்யறதே. நம்மகிட்ட இருக்குதுன்னு தெரிஞ்சாதான் அவன் கம்முனு இருப்பான்."

"அப்ப ஜப்பான்ல போட்டானே, அது?"

நீ கையை இலையிலேயே வைத்துக்கொண்டு வாத்தியார் மாதிரி விளக்கினாய். வருஷக்கணக்கில் நடந்த யுத்தம், ஹிரோஷிமாவில் குண்டு விழாமல் இருந்திருந்தால் படை இறங்கியிருக்கும், இரண்டு பக்கமும் இன்னும் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள், ஜப்பான்காரனே அதிகம் செத்திருப்பான், கொடுமைதான், ஆனால் அந்தக் கொடுமை பெரிய கொடுமையைத் தடுத்தது என்றாய். நன்றாகத்தான் பேசினாய். என் பிள்ளை இவ்வளவு படித்திருக்கிறானே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெரியப்பா எலும்பைக் கடித்துக்கொண்டே, "ரெண்டு ஊர்ல இல்ல போட்டான்? ரெண்டாவது எதுக்குப்பா?" என்றார். "அவங்க உடனே சரண்டர் ஆகல பெரியப்பா" என்று சொல்லிவிட்டு நீ வேகமாக அடுத்த பேச்சுக்குப் போனாய். அந்த அடுத்த பேச்சு நான்தான்.

"அம்மாவையே எடுத்துக்கோங்களேன். அன்னிக்கு அம்மா மதகைத் திறக்கலன்னா அப்பா இருந்திருப்பாரா? வயித்துல இருந்த நான்தான் பொழச்சிருப்பனா? ஒரே ஒரு தடவ திறந்தாங்க. இருவத்திமூணு வருஷமா வயக்காரங்களுக்கும் நம்மளுக்கும் சண்டையே இல்ல." உன் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். பெரியப்பா இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். நான் ரசம் எடுக்கப் போகிற மாதிரி அடுக்களைக்குள் போய் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ வந்து "என்னம்மா, ரசம் எங்க?" என்று கேட்டபோது என் முகம் வேர்த்திருந்ததை, அடுப்பு வெக்கை என்று நினைத்திருப்பாய்.

நம் வீட்டில் அந்தக் கதையை எப்படிச் சொல்வோம் என்று உனக்கு மனப்பாடம். வயல்காரர்களும் உப்பளத்துக்காரர்களும் தடியோடு நிற்கிறார்கள், உன் அப்பா முன்னால் நிற்கிறார், வயிற்றுப்பிள்ளைக்காரியான நான் மதகுப் பலகையைத் தூக்கிவிடுகிறேன், வயலுக்குள் உப்புத் தண்ணீர் போவதைப் பார்த்து அவர்கள் ஓடுகிறார்கள், சண்டை நிற்கிறது. நான் உடனே மூடப் போகிறேன். அதற்குள் தண்ணீர் வேகம் பலகையை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பாவம், அவள் என்ன செய்வாள். இந்தக் கதையை உன் காதுகுத்தில் சொன்னார்கள், உன் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னார்கள், நீ பள்ளிக்கூடத்தில் சொன்னாய். இதில் ஒரு வாக்கியம் பொய். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நீ அந்த வேலைக்குள் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நீ சின்னதில் நண்டு பிடித்த வாய்க்கால்தான் அது. மழைக்காலத்தில் வயல் தண்ணீர் நம் உப்பளத்தின் ஓரமாக ஓடி, கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற உப்பங்கழியில் சேர்வதற்கு வெட்டியது. நடுவில் பலகை மதகு. மழை பெய்தால் பலகையைத் தூக்க வேண்டும், மற்ற நாளில் கீழே போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழியில் நீர் ஏறும்போது உப்புத் தண்ணீர் வயலுக்குப் போய்விடும். பாத்தியில் உப்பு வாரின பிறகு மிஞ்சுமே கசப்புத் தண்ணீர், எண்ணெய் மாதிரி கையில் வழுக்கும், புண்ணில் பட்டால் உயிர் போகும், அதை மதகுக்குக் கழிப்பக்கமாக அந்த வாய்க்காலில்தான் விடுவோம். அது பட்ட மண்ணில் புல்கூட முளைக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கசப்புத் தண்ணீர் கழிக்குத்தான் போக வேண்டும், நிலத்துப் பக்கம் ஒரு சொட்டு போகக் கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியாது, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எத்தனையோ அடிதடி நடந்திருக்கிறது, குடித்துவிட்டு வந்து கொட்டகையைக் கொளுத்தினவன்கூட உண்டு. அவனும் அந்தப் பலகையைத் தொட்டதில்லை.

அந்த வருஷம் தை மாதத்தில் எதிர்பாராமல் மழை கொட்டியது. வாய்க்கால் வழிந்து பாத்திக்குள் வந்துவிடும் என்று எங்கள் ஆட்கள் பலகையைத் தூக்கத் தாமதம் செய்தார்கள். வயல் மூழ்கியது. பெரிய வயல்காரர் ஒருவர் ஆள் விட்டு எங்கள் கரையை வெட்டிவிட்டார். வாரக்கணக்கில் நாங்கள் வரிசையாக நின்று மிதித்து மிதித்துப் பலகை மாதிரி இறுக்கி வைத்திருந்த பாத்தித் தரை சேறாகப் போனது. அப்படி இறுக்காமல் விட்டால் உப்போடு மண்ணும் சேர்ந்து வரும், யாரும் வாங்க மாட்டார்கள். நீ வயிற்றில் மூன்று மாதம், நானும் மிதித்தேன். கரை உடைந்த அன்று அந்தச் சேற்றில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் இரண்டு மாதம், இவனை அவன் அடித்தான், அவனை இவன் அடித்தான் என்று ஒரே கலவரம். உன் அப்பா வேலைக்குப் போனால் திரும்பி வருவாரா என்று தினம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பங்குனியில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவருக்கு மண்டை உடைந்து புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் கரை மேல் இரண்டு பக்கத்து ஆண்களும் நின்றார்கள். உன் அப்பா கையில் மண்வெட்டி இருந்தது.

பௌர்ணமி கழிந்த காலை, கழியில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. விடியற்காலையிலிருந்து பாத்திகளில் இருந்த கசப்புத் தண்ணீரை வாய்க்காலில் திறந்து விட்டிருந்தோம், அது கழிக்குப் போக முடியாமல் பலகையின் கழுத்துவரை நின்றது. மதகில் நான் மட்டும்தான் இருந்தேன். என் மனசில் அப்போது ஒரே கணக்கு. பலகைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெரிய வயல்காரரின் நெல், பால் பிடித்திருக்கிறது. திறந்தால் அவருடைய ஆட்கள் வயலைக் காப்பாற்ற ஓடுவார்கள். யாருக்கும் மண்டை உடையாது, நெல்தானே போகும். இரண்டு ஆள் தூக்குகிற பலகையை ஒரே ஆளாகத் தூக்கினேன். "தண்ணி! தண்ணி!" என்று கத்திக்கொண்டு அவர்கள் ஓடினார்கள், தடிகள் கரையிலேயே கிடந்தன. உன் அப்பா மண்வெட்டியைப் பிடித்தபடி என்ன நடந்தது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார். இதுவரை நீ சொல்கிற கதை நிஜம்தான். இதுவரைக்கும் நான் செய்தது சரியா தப்பா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. உன் அப்பா உயிரோடு இருக்கிறார், நீ இருக்கிறாய்.

ஆனால் கணக்கு தப்பிவிட்டது. நான் உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள். பாத்தியில் தண்ணீர் நாம் விட்ட இடத்தில் அடங்கி நிற்கும், இந்தப் பாத்தி என்றால் இந்தப் பாத்திதான். வயலிலும் அப்படித்தான் நிற்கும் என்று நினைத்துவிட்டேன். நிலம் சரிவைப் பார்த்துத்தான் தண்ணீரை அனுப்பும் என்பது வயல்காரக் குழந்தைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. பெரிய வயல்காரருக்குப் பத்து ஆள் இருந்தார்கள். மண்ணை வெட்டிப் போட்டு அவருடைய வயலுக்குள் தண்ணீர் நுழைகிற வாய்மடையை உடனே அடைத்துவிட்டார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் நேராகக் கடைசித் துண்டுக்குப் போனது, எல்லாவற்றையும்விடப் பள்ளத்தில் இருந்த தனலட்சுமி அக்காவின் குத்தகை நிலத்துக்கு. அந்த நிலத்தில்தான் கிணறு. உப்பளத்தில் வேலை செய்கிற அத்தனை பேரும் குடித்தது அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். வீட்டுக்காரரை இழந்து, ஒரு பெண் குழந்தையோடு அந்த நிலத்தை நம்பி இருந்தவர் அவர். நான் குடத்தோடு போகும்போதெல்லாம், "மாசமா இருக்கிறவ, நீ எறைக்காத, தள்ளு" என்று அவரே இறைத்துக் கொடுப்பார். அந்தச் சண்டையில் அவருக்கு எந்தப் பக்கமும் கிடையாது.

அவர் வரப்பு மேலேயே ஓடிவந்தார். "தங்கச்சி! மூடுடி! என் பக்கம் வருதுடி! பலகையப் போடு!" என்று கையை ஆட்டிக்கொண்டு வந்தார். பலகை என் கையில் இருந்தது, தம்பி. தண்ணீர் அதை இழுக்கவில்லை. சண்டை நின்றுவிட்டது, கரையில் ஆண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு குந்தியிருந்தார்கள், எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பலகையை வைத்து அழுத்தினால் ஒரு நிமிஷ வேலை. நான் அதைக் கழி ஓரத்துக் கறுப்புச் சேற்றில் போட்டு, பாத்தி மிதிக்கிற காலாலேயே மிதித்து உள்ளே அமுக்கினேன். அப்புறம் திரும்பி, "பலகை போயிடுச்சுக்கா!" என்று கத்தினேன்.

ஏன் என்று இருபத்திமூன்று வருஷமாக எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூடினால் அவர்கள் திரும்பி வந்துவிடுவார்களோ என்ற பயம், அது நிஜம். ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு மாதமாக நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், இப்போது அவர்கள் ஓடுகிறார்கள். ஓடட்டும் என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடட்டும். எனக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த அக்கா அந்த நேரத்தில் என் கண்ணுக்கு அக்காவாகத் தெரியவில்லை, அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவருகிற ஓர் ஆளாகத் தெரிந்தார். பெரியப்பா "ரெண்டாவது எதுக்குப்பா" என்று கேட்டபோது நீ அவசரமாகத் தாண்டிப் போனாய் பார், அங்கேதான் நான் நிற்கிறேன்.

அந்த வாரமே இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். மழை பெய்தால் உடனே பலகையைத் தூக்குவது, கரையை யாரும் வெட்டுவதில்லை என்று முடிவானது. "பலகை தானா போயிடுச்சு, பொம்பள இன்னா பண்ணுவா" என்று என் விஷயத்தையும் முடித்தார்கள். அதனால்தான் கேஸ் இல்லை. தனலட்சுமி அக்காவின் பயிர் மூன்று நாளில் மஞ்சளாகிப் படுத்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அடுத்த பட்டத்தில் விதைத்தது முளைக்கவே இல்லை. அப்புறம் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வானூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டார். அவர் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற அன்று நான் ரேஷன் கடை வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கிணறு கெட்டதால் நீ பிறக்கும்வரை குடிதண்ணீருக்கு நானும் ரொம்ப தூரம் நடந்தேன். என்னைப் பார்த்து எல்லாரும் பரிதாபப்பட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பயம். இரண்டு வருஷம் கழித்து வேறொரு உப்பளத்துக்காரர், வண்டிப் பாதைத் தகராறில், பக்கத்து நிலத்தில் கசப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டார். உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, வெறும் பாதைத் தகராறு. கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு திறக்கலையா? நல்லதுதான நடந்துச்சு?" என்றாராம். கொட்டகையில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள், நான் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். அப்புறம் இன்னொருவர். இப்போது வேலைக்கு வருகிற பெண்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததே தெரியாது. எத்தனை தலைமுறை காப்பாற்றினார்களோ, நான் ஒரு காலையில் முடித்துவிட்டேன்.

எல்லையில் சண்டை மூண்ட நாட்களில் டீக்கடையில், பஸ்ஸில், வாட்ஸ்அப்பில் எல்லாரும், "ஒண்ணு போட்டா முடிஞ்சிடும்" என்று பேசினார்களே, நினைவிருக்கிறதா? நம் தெருவில் எறும்பைக்கூட மிதிக்காத மனுஷர்கள் பேசினார்கள். நான் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அணைத்தால் மட்டும் பயம் போகுமா? எங்கேயோ ஓர் அறையில் என்னை மாதிரி ஒரு சாதாரண ஆள், வீட்டில் பிள்ளைகுட்டி உள்ள ஆள், கையில் நல்ல காரணத்தை வைத்துக்கொண்டு பலகை பக்கத்தில் நிற்பார் என்று தோன்றியது. கெட்டவர்களைக் கண்டால் பயம்தான். ஆனால் நல்ல காரணத்தோடு நிற்கிறவர்களை நினைத்தால் அதைவிடப் பயம். அவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. எனக்குத் தெரியவில்லையே. நீ நல்ல பிள்ளை, தம்பி. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

படை இறங்கியிருந்தால் இன்னும் அதிகம் பேர் செத்திருப்பார்கள் என்று நீ சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்மிடம் அது இல்லாவிட்டால் நம்மை மிதித்துவிடுவார்கள் என்று நீ சொல்வதற்கும் பதில் இல்லை, ஒருவேளை நீ சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. நீ படித்த படிப்புக்கு நான் எத்தனை வருஷம் வெயிலில் நின்றேன் என்று எனக்கும் தெரியும். அந்த வாதத்தில் என்னைச் சேர்க்காதே என்று மட்டும்தான் கேட்க நினைத்தேன். அதற்கே உன்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், உன்னிடம் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் வேறு ஒருவர் இருக்கிறார் என்று போலீஸ்காரர் போன பிறகுதான் உறைத்தது.

வியாழக்கிழமை, கண் காட்டப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு வானூருக்குப் போனேன். மார்க்கெட்டில் நான்கைந்து பேரிடம் விசாரித்தேன். ஓர் ஓரத்தில் சாக்கு விரித்துத் தனலட்சுமி அக்கா கீரை விற்றுக்கொண்டிருந்தார். தலை பஞ்சாக நரைத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்ததும், "மரக்காணத்துப் பொண்ணு தான நீ?" என்றார். உடனே கேட்டது உன்னைப் பற்றித்தான். "வயித்துல இருந்துச்சே, அது இன்னா கொழந்த?"

"பையன்க்கா. இஞ்சினியருக்குப் படிச்சிருக்கான்."

"நல்லா இருக்கட்டும். இன்னா வேலை?"

"கவர்மென்ட் வேலைக்கா" என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

சாக்கு ஓரமாகக் குந்தி, "அக்கா, அன்னிக்கு பலகையத் தண்ணி இழுத்துக்கினு போவல. நான்தான் சேத்துல போட்டு மிதிச்சேன்" என்றேன். அவர் கீரைக்கட்டை நாரால் கட்டிக்கொண்டே இருந்தார். கட்டி முடித்துவிட்டு, "தெரியும். நீ மிதிச்சத பாத்தேனே" என்றார்.

இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தேன். "அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா? எங்க ஆளுங்க மறுபடியும் தடி எடுத்துக்கினு வந்திருப்பாங்க. நீ வேற வயித்தத் தள்ளிக்கினு நிக்கிற. யார்னா ஒருத்தர் அத்தோட வுடணும் இல்ல?" என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. அடுத்த கட்டுக்குக் கீரையை எடுத்துக்கொண்டே, "எம் பொண்ணுதான் ரொம்ப நாளு கேட்டுக்கினு இருந்தா, நம்ம கெணறு ஏம்மா கெட்டுப்போச்சுன்னு" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுந்தபோது, "வெயில்ல வந்திருக்கிற, குடி" என்று தன் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு வந்தேன்.

இதுவரை எழுதினதை நேற்று சாயங்காலம் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கத்துவார் என்று பயந்தேன். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம், "தண்ணி வயப்பக்கம்தான ஓடுச்சு. இழுத்துக்கினு போயிருந்தா பலகை வயல்ல கெடந்திருக்கணும். அங்க யாரும் பாக்கலியேன்னு அப்பவே நெனச்சேன்" என்றார். பின்னே ஏன் கேட்கவில்லை என்றேன். "கேக்க பயமா இருந்துச்சு" என்றார். இருபத்திமூன்று வருஷம் தொடையைத் தட்டிச் சிரித்த மனுஷன்.

தம்பி, அந்தச் சண்டையை நிறுத்தியது நான் திறந்த தண்ணீர் இல்லை. அது ஆட்களை ஓட வைத்தது, அவ்வளவுதான். ஓடினவர்கள் மறுநாள் திரும்பி வந்திருப்பார்கள். வராமல் செய்தவர், பயிரும் போய், கிணறும் போய், கண்ணால் பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் மூட்டையோடு பஸ் ஏறினவர். இவ்வளவு நாளும் நீ தப்பான பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஹைதராபாத்தில் உன்னோடு வேலை செய்கிறவர்களிடம், பெரிய பெரிய அதிகாரிகளிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டி வந்தால் தனலட்சுமி என்று சொல். அடி வாங்கின பக்கத்தில் அப்படி ஒருத்தர் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேள்.

நீ ரயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நாள் இங்கே வந்துவிட்டுப் போ. நாம் இரண்டு பேரும் வானூருக்குப் போவோம். அக்கா மறுபடியும் உன் வேலையைப் பற்றிக் கேட்பார், எனக்குத் தெரியும். என்னால் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்து உன்னால் சொல்ல முடிந்தால், நீயே சொல்.

அம்மா